‘பராமரிப்பு’ எதுவரை?

கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தில் ‘இணையதளப் பராமரிப்பும் தொடர்புடைய பிற பணிகளும்’ என்று மட்டும் இருக்கிறது, புதிய பக்கங்களையும் அதே கட்டணத்தில் வாடிக்கையாளர் கேட்கிறார் என்கிறீர்கள். அந்த ‘பிற பணிகள்’தான் வம்பு, முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள். வரையறைப் பிரிவில் ‘பராமரிப்பு என்றால் பிழை திருத்துதல், பாதுகாப்புப் புதுப்பிப்பு, காப்புநகல் எடுத்தல் மட்டுமே’ என்று இருக்கட்டும். ‘மட்டுமே’ இருக்கும் இடத்தில் ‘உட்பட’ என்று போட விடாதீர்கள். அப்படிப் போட்டால் பட்டியலில் இல்லாத வேலையையும் அவர்கள் உள்ளே இழுத்துவிடலாம். அப்புறம், வரையறுத்த சொல்லையே எல்லாப் பிரிவிலும் பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் ‘பராமரிப்பு’, இன்னோரிடத்தில் ‘ஆதரவு’ என்றிருந்தால் இரண்டும் வேறு வேலை என்று வாதிட இடம் கிடைக்கும். புதிய பக்கத்துக்கு எழுத்துபூர்வ ஒப்புதலும் தனிக் கட்டணமும் வேண்டும் என ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.