முகமே சரியாகத் தெரியாத அரூப உருவப்படம் துயரத்தை எப்படிச் சொல்கிறது?

முகத்தில் ஓவியர்கள் எதைச் சிதைத்தார்கள் என்பதைவிட எதைச் சிதைக்காமல் விட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

பிக்காசோ 1937-இல் வரைந்த ‘அழும் பெண்’ சுமார் 60 × 50 செ.மீ. அளவுள்ள சின்னப் படம். லண்டன் டேட் காட்சியகத்துக்குச் சொந்தமானது. சிவப்புத் தொப்பி, மஞ்சளும் பச்சையுமான கன்னம் என்று எங்கும் நிறம் கூவுகிறது. வாயும் கைக்குட்டையும் சேரும் இடத்தில் மட்டும் அது வடிந்து, வெள்ளையும் நீலமுமாய்க் கண்ணாடிச் சில்லு போலக் கூர்முனைகள். எது விரல், எது துணி என்று பிரிப்பதே கஷ்டம். தொப்பியைக் கையால் மறைத்துப் பாருங்கள்: பாதி வலி போய்விடும். ஊர்வலத்துக்குக் கிளம்பியவள் போன்ற அந்த அலங்காரம்தான் அந்த வெள்ளையை மனதில் குத்தச் செய்கிறது.

பிரெஞ்சு ஓவியர் ழான் ஃபோத்ரியே வேறு வழியில் போனார். நாஜிகள் கொன்ற பணயக் கைதிகளை நினைத்து 1943 முதல் 1945 வரை அவர் வரைந்த தலைகளில் கண், மூக்கு பெரும்பாலும் இல்லை. வெள்ளைப் பசைக் கலவையைத் தடிமனாக அப்பி, மேலே வண்ணப்பொடி தூவினார். அந்தப் பசையே புண்பட்ட சதைபோல் நிற்கிறது. ரஷ்ய ஓவியர் யாவ்லென்ஸ்கியோ மூட்டுவாதத்தால் கை இறுகிய நிலையில் 1934 முதல் முகத்தைச் சில தடித்த கோடுகளாகக் குறைத்தார்: மூக்குக்கு ஒரு நெடுக்குக் கோடு, மூடிய கண்களுக்குக் குறுக்குக் கோடுகள்.

இருபதாம் நூற்றாண்டு ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் அலறும் போப்பைத் துயரத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது பயம். துணைவர் இறந்தபின் 1973-இல் அவர் வரைந்த மூன்று பலகைப் படத்தில் அலறலே கிடையாது; நடுப்பலகையில் வாசலைத் தாண்டி ஒரு கருநிழல் வழிகிறது. துயரம் அங்கேதான்.

வரைந்து பார்ப்பவர்கள் முதலில் சறுக்குவது கண்ணீர்த்துளியிலும் கீழே வளைந்த உதட்டிலும், படம் எமோஜியாகிவிடும். அடுத்தது, முகம் முழுவதையும் ஒரே அளவுக்குக் கலைப்பது. அப்போது எங்கும் அழுத்தம் விழாது, சுவர்க்காகிதம்போல் ஆகிவிடும். முகத்தில் ஒரே ஓர் இடத்தை, உதாரணமாகக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட பகுதியை, தேர்ந்து அங்கே மட்டும் உடையுங்கள். மீதியைப் பெரிய, அமைதியான பரப்புகளாக விடுங்கள். கறுப்பையும் சாம்பலையும் எங்கும் பூசினால் சோர்வுதான் வரும்.

ஃபோத்ரியேபோல் பசையில் வரைவதென்றால் அதை ஒரே தடவையில் மிகத் தடிமனாக அப்பாதீர்கள். மேல்தோல் முந்தி இறுகி, உள்ளே சுருங்கும்போது வெடிக்கும். பேக்கனைப்போல் அடிப்பூச்சு இல்லாத கேன்வாஸில் வரைவதென்றால் வைத்த கோடு ஊறிவிடும், அழிக்க முடியாது. எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் துணியையே மட்கவைக்கும். அதற்கு நீர்த்த அக்ரிலிக் போதும்.