வாராவாரம் கழுவியும் குளம் பச்சையாகவே இருப்பது ஏன்?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சிமெண்டில் கட்டிய சிறு குளம் இருக்கிறது. அதில் எட்டு கோய் மீன்களும் சில தங்கமீன்களும் வளர்கின்றன. கடையில் வாங்கிய மூடிய வடிகட்டியை வாராவாரம் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி மாட்டுகிறோம். ஆனாலும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. இதைவிடப் பெரிய வடிகட்டி வாங்க வேண்டுமா, யு.வி. (புற ஊதா) விளக்கு போட்டால் போதுமா?

பதில்: புதிய வடிகட்டி வாங்கும் யோசனையைச் சற்றுத் தள்ளி வைத்து, வாராவாரம் குழாய்த் தண்ணீரில் கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். மீன்களின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் குளத்தில் மீன்களுக்குத் தீங்கான அமோனியா ஓயாமல் சேர்கிறது. வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்ற, வேறொரு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவை குடியேறி நிலைபெறுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை வெளுக்கப் பிழியும்போது இவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடுவதால், எத்தனை மாதம் ஓடினாலும் உங்கள் வடிகட்டி முதல் வாரத்து நிலையிலேயே நிற்கிறது.

வேலூர்ப் பகுதியில் இந்தக் குறையை அலட்சியம் செய்ய முடியாது. இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பும் சேர்ந்தால், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐத் தாண்டிவிடலாம். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும் நீரில் அமோனியாவின் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8.5 ஆனால் அது ஏறத்தாழ 20 சதவீதம். பச்சைப் பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சி பி.எச். அளவை மேலும் உயர்த்துகிறது. இரவிலோ மீன்களோடு போட்டியிட்டு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. விடியலில் உங்கள் மீன்கள் மேலே வந்து தவிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே, இன்றிரவே ஒரு காற்று பம்பைப் போட்டு விடியும்வரை ஓட விடுங்கள். தீனியையும் பாதியாகக் குறையுங்கள்.

வடிகட்டியை மாற்றுவதாக இருந்தால், குளத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நீள, அகல, ஆழத்தை அடியில் பெருக்கி, வரும் தொகையை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும்; உங்கள் குளம் சுமார் 4,200 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது முழு நீரும் வடிகட்டி வழியாகச் சென்று திரும்ப வேண்டுமென்றால், மணிக்கு 2,100 லிட்டர் தேவை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, உயரம் ஏற்றாமல் ஓடும்போது கிடைப்பது. நீரை நான்கைந்து அடி மேலே தூக்க வேண்டியிருப்பதால் 3,000 லிட்டருக்குக் குறையாத பம்பாக வாங்குங்கள். 40 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட், அதாவது இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 60 யூனிட் ஆகும். செலவை நினைத்து இரவில் நிறுத்திவிடாதீர்கள். பம்புக்கு எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் பிரேக்கரும் கட்டாயம் வேண்டும்.

மின்வெட்டு நேரும் இடத்தில் மூடிய வடிகட்டியைவிட, குளத்துக்கு மேலே வைக்கும் திறந்த டிரம் வடிகட்டியையே நான் பரிந்துரைப்பேன். மூடிய கலத்தில் நீர் சில மணி நேரம் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் நேராகக் குளத்துக்குள் பாயும். மூடியதையே வைத்துக்கொள்வதானால், நீண்ட மின்வெட்டுக்குப் பின் முதலில் வரும் நீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் அடியில் வண்டல் தங்க இடம் விட்டு, அதற்கு மேல் முரட்டு ஸ்பாஞ்சும், அதன் மேல் பாக்டீரியா ஒட்டி வாழும் ஊடகமாகப் பீங்கான் வளையங்களோ பிளாஸ்டிக் துண்டுகளோ இருக்கும்படி அமைத்து, நீரை அடியில் செலுத்தி மேலே வழியவிடலாம். ஜல்லி மலிவுதான், ஆனால் கனமும் அதிகம், சேறும் எளிதில் அடைத்துக்கொள்ளும். ஊடகத்தை வெங்காய மூட்டை வலையில் கட்டி வைத்தால் தூக்கிக் கழுவுவது எளிது. டிரம்மின் அடியில் ஒரு வால்வு வைத்து, வாரம் ஒருமுறை திறந்து வண்டலை வடித்துவிடுங்கள். கொசு முட்டையிடாதபடி டிரம்மை வலையால் மூடுங்கள்.

கழுவும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். நீர் வரத்து குறையும்போது மட்டும் ஸ்பாஞ்சை எடுத்து, குளத்து நீரை நிரப்பிய வாளியில் இரண்டு மூன்று முறை அமுக்கி எடுத்தால் போதும். அதன்மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக, ஈரமண் வாசனையோடு படிந்திருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். கருத்த சேறும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால், அந்தப் பகுதிக்கு நீரோட்டம் போகவில்லை என்று அறிந்து அடைப்பை நீக்குங்கள். ஸ்பாஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் கழுவாமல், இரண்டு வார இடைவெளி விடுங்கள்.

எந்த வடிகட்டியும் உப்பை நீக்காது. அக்னி நட்சத்திர வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிடும். குறைந்ததை மட்டும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் கோடை முடிவில் உப்பின் அளவு ஏறியிருக்கும். அதனால் வாரம் சுமார் 400 லிட்டரை வெளியேற்றி, அந்த அளவுக்குப் புதுநீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்தோ, சோடியம் தயோசல்பேட் கலந்தோ குளோரினை நீக்கிய பிறகு சேருங்கள். மாடியில் விழும் மழைநீரைப் பிடித்து விட முடிந்தால் மிகவும் நல்லது.

யு.வி. விளக்கு, நீரில் மிதக்கும் பச்சைப் பாசியை மட்டும் அழிக்கும்; அமோனியாவையோ சுவரில் படரும் நூல்பாசியையோ ஒன்றும் செய்யாது. அதன் கண்ணாடி உறையில் நம் ஊர் நீரின் சுண்ணாம்பு படிவதால் மாதம் ஒருமுறை வினிகரால் துடைக்க வேண்டும். பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த விளக்கை வாங்கும் முன், குளத்தின் பாதிப் பரப்பை அல்லி இலைகளோ நிழல்வலையோ மறைக்கும்படி செய்து பாருங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கோய் மீன் இரண்டடிக்கு மேலும் வளரக்கூடியது. ஒன்றுக்கு 1,000 லிட்டர் நீராவது வேண்டும். எட்டும் வளர்ந்தபின் உங்கள் குளத்தில் எந்த வடிகட்டியாலும் அவற்றைக் காப்பாற்ற முடியாது. நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரிய குளம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு ஆறு வாரம் கழித்து, மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் அமோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தும் நீர் பச்சையாகவே இருந்தால், அப்போது யு.வி. விளக்கு வாங்குங்கள்.