உடல்நல அறிவியல் துறையில் யாரிடம் எதற்குப் போவது? கேள்வி பதில்

பல்கலைக்கழக உடல்நல அறிவியல் துறை ஒன்றில் 23 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். முதல் 11 ஆண்டு ஆய்வக நுட்பநர், அதற்குப் பிறகு துறை அலுவலகத்தில் மேலாளர். துறையில் இருப்பவர்களின் வேலை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவர்): உதவிப் பேராசிரியர் என்றால் பேராசிரியருக்கு உதவியாக இருப்பவரா, மேடம்?

பதில்: இல்லை, பெயர்தான் அப்படி. அவருக்கென்று பாடம் உண்டு, ஆய்வு உண்டு, அவர் பெயரிலேயே ஆய்வு மானியமும் வரும். அடுத்த படி இணைப் பேராசிரியர், அப்புறம் பேராசிரியர். பிரிட்டன் வழக்கத்தைப் பின்பற்றும் இடங்களில் விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், ரீடர் என்ற பெயர்களையும் பார்க்கலாம். பாடத்தில் சந்தேகம் வந்தால் பதவியைப் பார்க்காதீர்கள், பாடம் எடுத்தவரிடமே போங்கள்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவி): எங்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி தரும் ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள்தான் துறைக்கு வருகிறார். அவர் முழுநேர ஆசிரியர் இல்லையா?

பதில்: அவர் மருத்துவப் பணியோடு சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியராக இருப்பார். மீதி நாள்களில் வார்டிலோ வெளிநோயாளர் பிரிவிலோ நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருப்பது சரியா என்ற விவாதம் நூறாண்டுக்கும் பழையது. மருத்துவக் கல்லூரிகளின் நிலையை ஆராய்ந்து 1910இல் வெளிவந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு அமெரிக்க மருத்துவக் கல்வியே மாறியது. 1913இல் அங்குள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், சிகிச்சைத் துறைகளிலும் வெளியே தனியாகச் சிகிச்சை பார்க்காமல் சம்பளம் மட்டும் பெறும் முழுநேரப் பேராசிரியர்களை வைக்கும் முறைக்குப் போனது. அங்கே நோயாளியின் கட்டிலருகே நின்று பாடம் நடத்திப் பெயர் பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இந்த யோசனையை எதிர்த்தார். வெளியே சிகிச்சை பார்க்காத ஆசிரியர் மருத்துவத் தொழிலிலிருந்தே விலகிப்போவார் என்று அவர் பயந்தார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நேற்று மாலை பார்த்த நோயாளியை மனதில் வைத்துக்கொண்டு இன்று காலை வகுப்புக்கு வருபவர் சொல்லித்தருவது வேறு மாதிரி இருக்கும். அந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): எங்கள் லேப் டெக்னீஷியன் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபப்படுகிறார். லேபிள் சரியில்லை என்று என் பெட்டியை ஃப்ரீசரில் வைக்கவே விடவில்லை. நான் பேராசிரியரிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள், தம்பி. அந்த நாற்காலியில் 11 ஆண்டு உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

ஒருநாள் இரவு எங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் பழுதாகி அலாரம் அடித்தது. நானும் காவலரும் உலர்பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளில் மாதிரிகளை அள்ளி அடுத்த கட்டட ஃப்ரீசருக்கு மாற்றினோம். ஒரு அடுக்கில் நாற்பது சின்னக் குழாய்கள். அத்தனையும் சாதாரணப் பேனாவால் எழுதியவை. யாரோ எத்தனால் பட்ட கையுறையோடு தொட்டிருக்கிறார்கள், மை கரைந்து வெறும் நீலக் கறைதான் மிச்சம். குளிரில் டேப்பும் உரிந்து பெட்டியின் அடியில் கிடந்தது. மாதிரி கெடவில்லை, பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் எது யாருடைய இரத்தம் என்று சொல்ல ஆளில்லை. ஒரு மாணவியின் எட்டு மாத வேலை அது. அவள் அந்தக் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் குளிர் தாங்கும் லேபிள், ஆல்கஹாலில் அழியாத பேனா, தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து இவ்வளவும் கேட்பார். குழாய்களை வேகமாகச் சுழற்றும் மையவிலக்கியில் எதிரெதிர்க் குழாய்கள் சம எடையில் இருக்கிறதா என்று பார்ப்பார். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் 15 நிமிடம் ஓடி முடியாமல் திறக்க விடமாட்டார். கருவியின் குணம், எந்த வேதிப்பொருள் எங்கே தீர்ந்தது, போன ஆண்டு இதே சோதனை ஏன் சொதப்பியது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாளைக்குப் போய், லேபிள் எப்படி ஒட்ட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி (வேலை தேடுபவர்): 'மாதிரி நோயாளி' வேலைக்கு ஆள் தேவை என்று ஒரு துறை அறிவித்திருக்கிறது. இது உண்மையான வேலைதானா? நோயாளி மாதிரி நடித்தால் போதுமா?

பதில்: உண்மையான வேலைதான். மாணவர்கள் பழகுவதற்கும் தேர்வுக்கும் நோயாளி போல வந்து உட்காருபவர்தான் மாதிரி நோயாளி. ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963இல் தொடங்கிவைத்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மாணவர்கள் ஒவ்வொரு நிலையமாகப் போய்த் திறனைக் காட்டும் தேர்வு முறையைக் கொண்டுவந்தார். இன்று அந்தத் தேர்வுகளில் மாதிரி நோயாளிகளின் பங்கு பெரியது.

நடிப்பு பாதிதான். காலையில் வந்த முதல் மாணவருக்கு நெஞ்சுவலியை எப்படிச் சொன்னீர்களோ, இருபதாவதாக வருபவருக்கும் அதே அளவில் சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்ல வேண்டிய தகவலை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. அப்புறம், பயிற்சி நாள்களில் மாணவரிடம் கருத்துச் சொல்ல வேண்டும். எங்களிடம் வந்த ஓர் அம்மா ஒரு மாணவரிடம், "என் அப்பா இறந்ததைச் சொன்னேன், நீங்கள் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்" என்றார். அந்த மாணவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எந்தப் பேராசிரியர் சொல்லியிருந்தாலும் அவ்வளவு தைத்திருக்காது. தாராளமாக விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மதிப்பெண், விடுப்பு, பாடத்திட்டம் இதற்கெல்லாம் துறைத்தலைவரையா, டீனையா பார்க்க வேண்டும்?

பதில்: இருவரையும் வேண்டாம். முதலில் உங்கள் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். அங்கே முடியாவிட்டால் துறைத்தலைவர். டீன் பல துறைகளைச் சேர்த்துப் பார்ப்பவர், அவர் மேசைக்குப் போன கடிதம் எப்படியும் கீழே ஒருங்கிணைப்பாளரிடம்தான் திரும்பி வரும்.

கேள்வி (முதுநிலை மாணவி): தரவு எல்லாம் சேகரித்துவிட்டேன். புள்ளியியலாளரிடம் கொடுத்தால் எத்தனை நாளில் முடித்துத் தருவார்? அவர் பெயரைக் கட்டுரையில் போட வேண்டுமா?

பதில்: நாள் கணக்கை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் தாமதமாகப் போகிறீர்கள். சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது போல என்று புள்ளியியல் மேதை ஆர். ஏ. ஃபிஷர் 1938இலேயே சொல்லிவிட்டார். எத்தனை பேரைச் சேர்ப்பது, எதை அளப்பது என்பதெல்லாம் ஆய்வு தொடங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவை. இப்போதாவது எல்லாவற்றையும் மறைக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், விடுபட்ட தரவையும் சேர்த்து.

பெயர் விஷயத்தில், மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வுத் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் படைப்புக்கும் பொறுப்பேற்பது. நான்கும் பொருந்தினால் அவரும் ஆசிரியர்களில் ஒருவர். பகுப்பாய்வு செய்தவருக்கு வரைவைக் காட்டாமலே நன்றியுரையில் தள்ளிவிடுவது தவறு. முதலில் வரைவை அனுப்புங்கள்.

கேள்வி: மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் அறிவியலே படிக்காதவர் ஒருவர் இருக்கிறார். ஆய்வில் சேர்பவர்களுக்கான என் ஒப்புதல் படிவத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னவரும் அவர்தான். இது முறையா?

பதில்: முறைதான். அமெரிக்க விதிப்படி குழுவில் குறைந்தது 5 பேர் வேண்டும். ஒருவர் அறிவியல் சாராதவராகவும், ஒருவர் அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் படிவத்தில் கையெழுத்திடப்போகிறவர்களும் அறிவியல் படிக்காதவர்களாக இருக்கலாம் அல்லவா? அவருக்குப் புரியவில்லை என்றால் அவர்களுக்கும் புரியாது. குழுவின் செயலரிடம் எந்த வரி புரியவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பத்தியைத் திருத்தினால் முடிந்துவிடும்.

கேள்வி (செவிலியர் படிப்பு, முதலாம் ஆண்டு): அடுத்த ஆண்டுதான் மருத்துவமனைப் பயிற்சி. அதற்குள் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் தடுப்பூசிச் சான்று கேட்டுத் தொந்தரவு செய்கிறார். இவ்வளவு அவசரம் எதற்கு?

பதில்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். கூட்டிப் பாருங்கள், எட்டு மாதம் போய்விடும். சான்று இல்லாவிட்டால் மருத்துவமனை உங்களை வார்டுக்குள் விடாமல் போகலாம். சிறுவயதில் போட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். கிடைக்காவிட்டால் இந்த வாரமே அவரிடம் போய், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேளுங்கள்.