தண்ணீர் மேசையை மடிக்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 46 வயது. சில மாதங்களாக ரேஸ் கோர்ஸில் காலையில் ஓடிப் பழகுகிறேன். இப்போது 8 கி.மீ. ஓட 70 நிமிடம் ஆகிறது. கோவை மாரத்தானில் 10 கி.மீ.க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதுதான் முதல் தடவை. புது ஷூ வாங்க வேண்டுமா? காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போவது? எல்லாரும் போனபிறகு நான் மட்டும் மூச்சிரைக்கக் கடைசியில் வந்து நின்றால் வீட்டுக்காரர், பையன் முன்னால் அசிங்கமாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. பேசாமல் 5 கி.மீ.க்கு மாற்றிக்கொள்ளட்டுமா?

கே., பீளமேடு

அன்புள்ள கே.,

பழகிய ஷூ, பழகிய சாப்பாடு. பந்தயத்தன்று எதையும் புதிதாகச் செய்து பார்க்கக் கூடாது. அந்தக் கேள்விகளுக்கு அவ்வளவுதான் பதில். உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் வேகத்தில் 10 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய ஊர்ப் பந்தயங்களில் பாதி தூரம் நடந்தே வருபவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் கடைசியாக வரப்போவதில்லை. விடிவதற்கு முன் எழுந்து ஓடிப் பழகியவர், வராத அவமானத்துக்கு இப்போதே தலைகுனிந்து நிற்கிறீர்களே, எனக்குக் கோபம் வருகிறது. சரி, கடைசியாகவே வந்தாலும்தான் என்ன?

மூச்சிரைப்பதைப் பிறர் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தை யாரோ நமக்கு ஊட்டியிருக்கிறார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பது பேரும் முடித்தார்கள். ஆனால், பதினோரு பேர் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். முடித்த களைப்பில் சிலர் புல்லில் சாய்ந்தது அவர்கள் கண்ணை அப்படி உறுத்தியது. அதைச் சாக்காக வைத்து, 1960 வரை அந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு வைக்கவே இல்லை. ஆண் முடித்துவிட்டு மல்லாந்து விழுந்தால் அது வீரம். பெண்களின் மாரத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984இல்தான். அவ்வளவு தாமதமாகக் கிடைத்ததை நீங்களாகவே பாதியாகக் குறைக்கக் கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இந்தக் கடைசி ஆட்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறிய ஊரில் நடந்த பந்தயத்தில் தண்ணீர் கொடுக்க நின்றேன். முன்னால் வருபவர்கள் நின்று குடிக்க மாட்டார்கள். கப்பைப் பறித்து ஒரு மடக்கு விழுங்கி வீசிவிட்டுப் போவார்கள். கால்மணி நேரத்தில் ரோடு முழுக்க நசுங்கிய கப்பும் ஆரஞ்சுத் தோலுமாகக் கிடக்கும். அப்புறம் கூட்டம் குறைந்தது. அறிவித்த நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. அமைப்பாளர்களில் ஒருவர் வேனில் வந்து, "போதும், மேசையெல்லாம் ஏற்றுங்க, இனிமே வர்றவங்க நடந்துதான் வருவாங்க" என்றார். நான் ஒரு கேனையும் கொஞ்சம் கப்பையும் எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டு நகர மறுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். நெஞ்சில் குத்திய எண் வேர்வையில் ஊறி ஒரு பக்கம் பின் கழன்று தொங்கியது. பத்தடி பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி கப் குடித்தார், மீதியைப் பிடரியில் ஊற்றிக்கொண்டார். "இதுக்கு முந்தின எடத்துல யாருமே இல்லீங்க்கா" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, தான்தான் தாமதம் என்பதுபோலச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வேகமாக ஓடுபவர் வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார். அதிக நேரம் ரோட்டில் இருப்பவரும் அதிக வெயில் வாங்குபவரும் மெதுவாக ஓடுபவர்தான். அவரும் அதே கட்டணம் கட்டியவர்தான். தண்ணீர் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர் வரும் நேரம் பார்த்து மேசையை மடிப்பதை நிர்வாகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முடிவு நேரம் ஒன்று அறிவித்தால் அந்த நிமிடம் வரை தண்ணீர் இருக்க வேண்டும், கோட்டருகே ஆள் இருக்க வேண்டும், மெடல் இருக்க வேண்டும்.

நீங்கள் 10 கி.மீ.யே ஓடுங்கள். புறப்படும்போது கூட்டத்தோடு சேர்ந்து கால் தானாகப் பறக்கும். பறக்க விடாதீர்கள். முதல் இரண்டு கி.மீ. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் அங்கே செய்த அவசரத்தால்தான். பின்வரிசையில் நின்றே புறப்படுங்கள். எண்ணோடு நேரம் கணக்கிடும் சிப் கொடுத்தார்களானால் உங்கள் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும். நடுவில் நடக்கலாம், எந்த விதியும் தடுக்கவில்லை. வீட்டுக்காரரையும் பையனையும் முடிவுக் கோட்டில் நிற்கச் சொல்லாதீர்கள். எட்டாவது கி.மீ. பக்கம் தண்ணீர் மேசையில் கப் நிரப்ப அனுப்புங்கள், கடைசி ஆள் தாண்டும் வரை.

எண் வாங்கப் போகும்போது 10 கி.மீ.க்கு முடிவு நேரம் என்ன, அதுவரை தண்ணீர் இருக்குமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுதிக் கேளுங்கள், நகலை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா