சிறுநீரைப் பார்த்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியுமா?

சிறுநீர் மாதிரி அனுப்பினால் செரோடோனின், டோபமின் என்ற மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களின் அளவைப் பார்த்து மனச்சோர்வு இருக்கிறதா என்று சொல்லிவிடுவதாக ஒரு விளம்பரம் வந்ததாம், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உடம்பிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாவது. ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழைய முடியாது. அதன் கழிவு 5-எச்ஐஏஏ என்ற பெயரில் சிறுநீரில் வரும். அதை நாங்கள் அளப்பது ஒருவகைக் கட்டியைக் கண்டுபிடிக்கத்தான். அதற்கும் முன்பே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் எல்லாம் நிறுத்தச் சொல்வோம். சாப்பிட்டால் அளவு எகிறிவிடும், மனசு எப்படி இருந்தாலும் சரி. சிறுநீரில் வரும் டோபமினோ பெரும்பாலும் சிறுநீரகமே தயாரிப்பது.

கார்டிசால் என்ற ஹார்மோனின் கதை வேறு. மன அழுத்தத்தில் (ஸ்ட்ரெஸ்) அட்ரினல் சுரப்பி இதை அதிகமாக விடும், அது உண்மை. ஆனால் காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம் என்று நாள் முழுக்க ஏறி இறங்கும். அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீரையும் சேர்க்கச் சொல்கிறோம். காலையில் எழுந்ததும் போவதைக் கொட்டிவிட வேண்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்துக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஒரு பெரியவர் கேனை நீட்டிக்கொண்டே, "ராத்திரி தூக்கத்துல ஒரு தடவை மட்டும் மறந்து போயிட்டேன், பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்துதான். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இவ்வளவு பாடுபட்டு வரும் எண்ணும் மனச்சோர்வைச் சொல்லிவிடாது. கடுமையான மனச்சோர்வில் சிலருக்குக் கார்டிசால் கூடும், பலருக்கு இயல்பாகவே இருக்கும். குடி, உடல் பருமன், கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பம் எதிலும் அது கூடலாம். டாக்டர்கள் இதை எழுதுவது பெரும்பாலும் கார்டிசால் நீண்டகாலம் மிகையாக இருக்கும் குஷிங் நோய்க்குறியைச் சந்தேகித்துத்தான். அந்த நோயே மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பது தனி விஷயம்.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 1965-ல் ஷில்ட்கிராட் என்ற மனநல மருத்துவர் நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் குறைவையும் மனச்சோர்வையும் இணைத்து எழுதிய பிறகு, அதன் கழிவான எம்எச்பிஜியைச் சிறுநீரில் அளந்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ரொம்பவே நம்பினார்கள். அது அன்றாட சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. செல்களின் டிஎன்ஏ சேதத்தைக் காட்டும் பொருட்களையும் இப்போது அளக்கிறார்கள். நூறு நோயாளிகளின் சராசரியை நூறு ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியலாம். ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். உங்கள் ஒரு எண்ணை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. புகைபிடித்தாலும் அந்த டிஎன்ஏ சேத அளவு கூடும்.

பரிசோதனைதான் வேண்டும் என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாருங்கள். இவை சரியில்லாவிட்டாலும் மனச்சோர்வு மாதிரியே அசதியாக இருக்கும். மற்றபடி டாக்டர்கள் நம்புவது பேச்சைத்தான். பிஎச்க்யூ-9 என்ற படிவத்தில் கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள் இருக்கும். ஒன்பதாவது, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு ஆமாம் என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.