ஓட்டமா, எடையா? காவலர் தேர்வுக்குத் தயாராகும் நம்ம பிள்ளைகளின் கேள்விகள்

காவல்துறையில் பல வருடம் கவாத்து (அணிவகுப்பு) பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது காரைக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் விடிகாலையில் பிள்ளைகளை ஓட வைக்கிறேன். சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மாஸ்டர், தினமும் காலையில் 1500 மீட்டர் முழு வேகத்தில் ஓடுகிறேன். சாயந்தரம் தினமும் ஜிம். மூன்று மாதமாக 7 நிமிடம் 20 விநாடிக்குக் கீழே வர முடியவில்லை. இன்னும் என்ன செய்வது? (தேவகோட்டை)

இன்னும் செய்ய வேண்டாம் தம்பி, குறைக்க வேண்டும். நீ தினமும் பயிற்சி எடுக்கவில்லை, தினமும் பரீட்சை எழுதுகிறாய். உடம்புக்கு பலம் ஏறுவது ஓடும்போது இல்லை, ஓடி முடித்துத் தின்று தூங்கும்போது. அந்த நேரத்தை நீ கொடுக்கவே இல்லை.

கணக்கைப் பார். தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி. அப்படி மூன்றே முக்கால் சுற்று. இதற்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேகம் வேண்டும். செவ்வாய் காலையில் 400 மீட்டர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 105 விநாடிக்குள், இடையில் 2 நிமிட நடை. வெள்ளிக்கிழமை 800 மீட்டர் மூன்று தடவை. எடைப்பயிற்சியை அதே செவ்வாய், வெள்ளி சாயந்தரத்தில் வை. இரண்டுக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். கஷ்டமான நாளிலேயே எல்லாக் கஷ்டத்தையும் முடித்துவிட்டால் மறுநாள் கால் ஆற நேரம் கிடைக்கும். ஓட்டத்தை ஒரு நாளும் ஜிம்மை மறுநாளும் மாற்றி மாற்றி வைத்தால் கால் ஆறவே ஆறாது. பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

புதன், வியாழன், சனி மெதுவோட்டம், 30 அல்லது 40 நிமிடம். பக்கத்தில் ஓடுகிறவனோடு மூச்சு வாங்காமல் கதை பேச முடிய வேண்டும், அதுதான் வேக அளவு. ஞாயிறு 7 கிலோமீட்டர், அதுவும் மெதுவாக. திங்கள் ஓய்வு. மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்று எல்லாரும் கேட்பார்கள். நீண்ட நேரம் மூச்சு வாங்காமல் தாங்கும் தெம்பு இந்த ஓட்டத்தில்தான் வளரும், வேகம் அதன் மேல் ஏறி நிற்கும்.

இன்னொன்று, முதல் சுற்றை 90 விநாடியில் ஓடிவிடுகிறாய் என்று நினைக்கிறேன். மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிப் போகும். முதல் சுற்றிலேயே உன்னை அடக்கப் பழகு.

அண்ணே, எடை தூக்கினால் உடம்பு ஏறி ஓட்டம் குறைந்துவிடும் என்கிறார்கள், உண்மையா? (கானாடுகாத்தான்)

நெஞ்சும் கையும் மட்டும் பெருக்கினால் உண்மை. தேர்வில் உடல்திறனுக்கு நட்சத்திரம் கொடுத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். கயிறு ஏறுவதில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. அந்தக் கயிற்றில் உன் உடம்பை நீதான் தூக்க வேண்டும். 65 கிலோவில் லேசாக ஏறிய பையன் 74 கிலோவில் பாதியில் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

கால், இடுப்பு, முதுகு, பிடி இந்த நான்கும் போதும். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து எடை தூக்குவது, புல் அப்ஸ், தண்டால், நுனிக்கால் எழும்பல். ஒவ்வொன்றும் ஐந்தாறு தடவை வீதம் மூன்று சுற்று. நல்ல கனம், நல்ல இடைவெளி. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். இப்படி எடுத்தால் சதை பெரிதாக ஏறாது, கால் தரையை உதைக்கும் பலம் கூடும். நீளம் தாண்டுவதில் 3.80 மீட்டரிலிருந்து 4.50-க்குப் போவதும், 100 மீட்டரில் 15 விநாடியிலிருந்து 13.50-க்கு வருவதும், அதாவது ஒரு நட்சத்திரம் இரண்டாவதும், அந்த உதையால்தான்.

கயிறு இல்லாத ஊரில் வேப்பமரக் கிளையில் தடித்த துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கு. 40 விநாடி தொங்க முடிந்தால் பிடி வந்துவிட்டது. கயிற்றிலிருந்து இறங்கும்போது சறுக்காதே, உள்ளங்கை உரிந்தால் ஒரு வாரம் போச்சு.

அக்கா ஒருத்தி சொன்னாள், பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடி, லேசானதுதான் என்று. ஜிம் தேவையா சார்? உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (பள்ளத்தூர்)

ஆகாது தங்கச்சி. அப்படிச் சதை ஏறப் பெண் உடம்பில் அதற்கான ஹார்மோன் போதாது. வீட்டில் தைரியமாகச் சொல்.

400 மீட்டர் தகுதிக்குத்தான். மதிப்பெண் குண்டு எறிவதிலும் தாண்டுவதிலும் இருக்கிறது. 4 கிலோ குண்டை 5.50 மீட்டர் எறிய வேண்டும் என்றால் கையால் எறிய முடியாது, தொடையும் இடுப்பும் தள்ள வேண்டும். ஆகவே உனக்குத்தான் எடைப்பயிற்சி அதிகம் தேவை, வாரத்தில் மூன்று நாள்கூட வை.

ஒரு விஷயம் கட்டாயம் செய். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடு. 12-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு ஓடினாலும் மூச்சு வாங்கும். சோம்பேறி என்று திட்டு வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு ரத்தசோகைதான் இருந்தது. டாக்டரிடம் போனால் சரியாகிவிடும்.

முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி. தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா? (கோட்டையூர்)

கூடவே கூடாது. வலி எலும்பு நெடுக நீளமாக இருந்து, ஓடி முடித்ததும் குறைந்தால் பெரும்பாலும் அளவு மீறி ஓடியதால் வந்தது. இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்திச் சைக்கிள் மிதி, நம் ஊருணியில் நீந்து, நுனிக்கால் எழும்பல் செய். அப்புறம் தார் ரோட்டை விட்டுச் செம்மண் பாதையில் பாதி தூரத்திலிருந்து தொடங்கு.

ஆனால் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ளுகிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் படம் நன்றாக இருக்கிறது என்று ஓடிவிடாதே. ஊசி போட்டு ஓடி எலும்பு முறிந்தால் இந்தத் தேர்வு மட்டும் போகாது தம்பி.

குன்றக்குடி மலைப்படியில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்கலாமா?

ஏறலாம், நல்ல பலன். இறங்கும்போது ஓடாதே, நடந்து இறங்கு, முழங்காலுக்கு அடி அங்கேதான். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழி விடு.

என் பேரன் புரத மாவு டப்பா வாங்க 3000 ரூபாய் கேட்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு ஆச்சி, கண்டனூர்)

அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள் ஆச்சி. 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 90 கிராம் அளவுக்குப் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அதோடு சுண்டல், பருப்பு, பால், நாட்டுக்கோழியோ மீனோ. ஓடி வந்ததும் பழைய சோற்றில் மோர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுங்கள். சித்திரை வெயிலில் வியர்வையோடு போன உப்பு அதில் திரும்பிவிடும். சோற்றைக் குறைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஓடுகிறவனுக்குச் சோறுதான் விறகு. ஜிம்மில் யாராவது ஊசியோ பேர் தெரியாத மாத்திரையோ கொடுத்தால் மட்டும் அவனை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மார்பு 81 சென்டிமீட்டர் இருக்கிறது, மூச்சை இழுத்து விரித்தால் 4 தான் கூடுகிறது. போதுமா? (புதுவயல்)

போதாது, 5 சென்டிமீட்டர் கூட வேண்டும். புல் அப்ஸும் தண்டாலும் எடு. மூச்சை இழுக்கும்போது தோளைத் தூக்காமல் விலாவைப் பக்கவாட்டில் விரிக்கப் பழகு. டேப்பை வைத்து வாரம் ஒரு தடவை அளந்து பார்.

தேர்வாகிவிட்டேன் மாஸ்டர், பயிற்சிக்கு அழைப்பு வர வேண்டியதுதான். இனி ஓய்வெடுக்கலாமா? (திருப்பத்தூர்)

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரு வாரம் எடு, அதற்கு மேல் வேண்டாம். மைதானத்தில் உன்னை ஒரு நாள்தான் பார்த்தார்கள், பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் பார்ப்பார்கள். விடிகாலை பி.டி. என்கிற உடற்பயிற்சி, உடனே கவாத்து, அப்புறம் வகுப்பு, சாயந்தரம் மறுபடி மைதானம். முதல் மாதத்தில் படுத்துவிடுகிறவர்களில் பலர் வேகமாக ஓடியவர்கள்தான், மணிக்கணக்கில் நின்று பழகாத கால் அவர்களுக்கு. இப்போது 1500 மீட்டரை மறந்துவிடு. 5 கிலோமீட்டர் மெதுவோட்டம் வாரம் நான்கு நாள், எடை இரண்டு நாள். தோளில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும் என்பதால் முதுகுக்கும் தோளுக்கும் கூடுதல் கவனம் கொடு. பூட்ஸ் ஒன்று வாங்கி இப்போதே தினமும் ஒரு மணி நேரம் போட்டு நட. கொப்புளம் வருவதாக இருந்தால் வீட்டிலேயே வந்து ஆறிவிடட்டும்.