கொழும்புச் சூட்டில் 18 வருட சிங்கிள் மோல்ட்: ஐஸ் போடலாமா?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 18 வருட சிங்கிள் மோல்ட் ஸ்கொட்ச் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) போத்தல் ஒன்றைத் திறக்கப் போகிறீர்கள், வெள்ளவத்தை வெக்கையில் ஐஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கிளாஸுக்கு வேண்டாம். குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும், நீங்கள் காசு கொடுத்ததே அந்த வாசத்துக்குத்தான்.

18 என்பது ஓக் பீப்பாயில் கிடந்த காலம். போத்தலில் அடைத்த பிறகு வயது ஏறாது. ஸ்கொட்லாந்தில் குறைந்தது 3 வருடம் கிடந்தால்தான் அதற்கு ஸ்கொட்ச் என்று பெயர். பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகிறது, விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏசி இருந்தால் போடுங்கள். தலைக்கு மேல் சுழலும் ஃபேனை நிறுத்திவிடுங்கள், அது வாசத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வாய் குறுகிய கிளாஸில் ஒரு விரல் உயரம் போதும். நம் அறைச் சூட்டில் மதுசாரம் சட்டென்று மேலே கிளம்பும். அதனால் மூக்கை உள்ளே விடாமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி விளிம்பில் மணந்து பாருங்கள். ஷெரி என்ற ஸ்பானிய வைன் கிடந்த பீப்பாய் என்றால் உலர்ந்த திராட்சை வாசம் வரும். எனக்கு நத்தார் கேக் ஞாபகம் வரும். அப்புறம் ஒரு சின்ன மிடறு, நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். அடுத்து தேக்கரண்டியால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மணந்தால், மூடியிருந்த வாசங்கள் எழும்பும்.

டெவில்ட் இறால் கடைசியில் வரட்டும். மிளகாய் பட்ட நாக்குக்கு 18 வருடமும் ஒன்றுதான், 3 வருடமும் ஒன்றுதான். வீட்டுக்குத் திரும்ப வாகனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.